எல்லோரும் தூண்டில் போடும் சின்ன ஏரியில் பாஸ் பிடிப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சாஸில் டாலஸைச் சுற்றியுள்ள புறநகர்களில் பல வீடுகளுக்கு நடந்து போகும் தூரத்திலேயே ஒரு சின்ன ஏரி இருக்கும். பத்து ஏக்கர், இருபது ஏக்கர், அவ்வளவுதான். சுற்றிலும் நடைபாதை, இரண்டு பெஞ்சு, ஒரு மரப்பாலம். சனிக்கிழமை காலை போனால் கரை முழுக்க ஆள். பதினோரு வருஷமாக நான் பாஸ் பிடிப்பது இப்படிப்பட்ட ஏரிகளில்தான். படகு கிடையாது, பெரிய ஏரிக்கு ஓட்டிக்கொண்டு போக நேரமும் கிடையாது. புதிதாகத் தூண்டில் எடுக்கும் நம்மவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன்.

பாஸ் என்றால் நம்ம ஊர் கொடுவாவா?

இல்லை. கொடுவாவைச் சீபாஸ் என்று சொல்வதால் வரும் குழப்பம் இது. இங்கே இருப்பது லார்ஜ்மவுத் பாஸ், வட அமெரிக்காவின் நன்னீர் மீன். வாயை மூடியிருக்கும்போதே மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும், பெயரும் அதனால்தான். குடும்பம் என்று பார்த்தால் இதே ஏரியில் கிடைக்கும் புளூகில் என்ற சின்னத் தட்டை மீனுக்குச் சொந்தம். ஆனால் குணத்தில் விரால் மாதிரி: பாசி ஓரத்திலோ விழுந்த மரத்தடியிலோ அசையாமல் நின்று, பக்கத்தில் வருவதைப் பாய்ந்து விழுங்கும், குஞ்சுகளைக் கூடவே இருந்து காவல் காக்கும். ஊரில் விராலுக்குத் தவளை போட்டுப் பழகியவர்களுக்குப் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும்.

இத்தனை பேர் பிடிக்கிற ஏரியில் மீன் மிச்சம் இருக்குமா?

இருக்கும். இதை நான் உறுதியாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. இலினாய் மாநிலத்தில் ரிட்ஜ் லேக் என்று ஒரு குட்டி ஏரி. 1970களில் அங்கே நாலு வருஷம், பிடிபட்ட ஒவ்வொரு பாஸையும் அளந்து, அடையாளம் வைத்துத் திரும்ப ஏரியிலேயே விட்டார்கள். கடைசியில் தண்ணீரை வடித்துப் பார்த்தபோது 1,700க்கும் மேற்பட்ட மீன்கள் கிடைத்தன. அதில் ஏறக்குறைய 200 மீன்கள் அந்த நாலு வருஷத்தில் ஒருமுறைகூடச் சிக்காதவை. இன்னொரு பக்கம், ஒரே வருஷத்தில் பதினாறு முறை சிக்கிய மீனும் இருந்தது. டேவிட் ஃபிலிப் என்ற மீன் ஆராய்ச்சியாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் சிக்காத மீன்களைத் தனியாகவும் அடிக்கடி சிக்கியவற்றைத் தனியாகவும் இனப்பெருக்கம் செய்யவைத்து மூன்று தலைமுறை வரை பார்த்தார்கள். தூண்டிலில் எளிதாகச் சிக்குவதும் சிக்காமல் இருப்பதும் ஓரளவுக்குப் பரம்பரையாகவே வருகிறது என்று தெரிந்தது. 2009இல் அதை வெளியிட்டார்கள்.

நம்ம ஏரிக்கும் இதேதான். எதைப் பார்த்தாலும் கடிக்கிற மீன்கள் முதலில் போய்விடும், ஒன்று யார் வீட்டுச் சட்டிக்கோ, இல்லையென்றால் வாயில் நாலு தழும்போடு ஆழத்துக்கோ. மிச்சம் இருப்பவை பிறவியிலேயே உஷாரானவை, அல்லது பட்டுத் தெரிந்தவை. ஆகவே மீன் இல்லை என்று ஏரியை மாற்றாதீர்கள். வீசும் விதத்தையும் வீசும் இடத்தையும் மாற்றுங்கள்.

சரி, எங்கே வீசுவது?

எல்லோரும் செய்வது இது: காரை நிறுத்துவார்கள், பெஞ்சு இருக்கும் இடத்துக்கு நேராக நடப்பார்கள், தண்ணீர் விளிம்பில் நின்றுகொண்டு ஏரியின் நடுவைப் பார்த்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் வீசுவார்கள். நடுவில் பெரும்பாலும் வெறும் சேற்றுத் தரைதான். மீன் நின்றிருந்தது அவர் காலடியிலிருந்து ஆறடியில், அவர் நடந்து வந்த அதிர்விலேயே அது கிளம்பிப் போயிருக்கும்.

நான் கரையிலிருந்து பத்துப் பதினைந்து அடி பின்னாலேயே நின்றுவிடுவேன். முதல் வீச்சு புல்லின் மேலிருந்தே, கரையோரத் தண்ணீருக்கு. அப்புறம் விளிம்புக்கு வந்து, கரைக்கு இணையாக, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. கரையிலிருந்து ஐந்தடிக்குள் இருக்கிற அந்த ஒரு பட்டையில்தான் இந்த ஏரிகளில் எனக்குப் பாதிக்கு மேல் மீன் கிடைத்திருக்கிறது. பாஸுக்கு உடம்பின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோடு தண்ணீரின் சின்ன அசைவைக்கூட உணரும். தரையில் தொம் தொம் என்று நடந்து வருவது அதற்கு நல்லாவே தெரியும். இரும்புப் பெட்டியைத் தொப்பென்று கீழே வைக்காதீர்கள், குழந்தைகள் கல் எறிந்து விளையாடினால் வேறு பக்கம் போய்விடுங்கள். தெளிந்த தண்ணீரில் உங்கள் நிழலும் மீன் மேல் விழக்கூடாது.

அப்புறம் மற்றவர்கள் வீச மறுக்கும் இடங்கள். தாழ்ந்து தொங்கும் மரக்கிளைக்கு அடியில், மாட்டிக்கொள்ளும் என்று யாரும் போடமாட்டார்கள். மழைநீர் வந்து விழும் குழாய் வாய், மதகுப் பக்கம் கொட்டியிருக்கும் கல், மரப்பாலத்தின் நிழல் விழும் கோடு. நிழலுக்குள்ளே பத்தடி போக வேண்டாம், வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் விளிம்புதான் முக்கியம். இருட்டில் நின்றுகொண்டு வெளிச்சத்தில் வருவதைப் பார்ப்பது பாஸுக்கு வசதி. வெயில் காலத் தொடக்கத்தில் ஆழமில்லாத இடத்தில் தட்டுத் தட்டாகப் பக்கத்தில் பக்கத்தில் வட்டங்கள் தெரிந்தால் அது புளூகில் முட்டையிடும் இடம். அதன் வெளி ஓரத்தில் பெரிய பாஸ் சுற்றிக்கொண்டிருக்கும்.

எந்த நேரம் நல்லது?

வேலை நாள், விடியற்காலை. சனி ஞாயிறு மிதிபட்ட கரை ஓய்ந்து கிடக்கும்போது போக வேண்டும். திங்களைவிட எனக்குச் செவ்வாய், புதன் நன்றாக அமைந்திருக்கிறது. லேசான தூறல், மேகமூட்டம், தண்ணீரில் சிற்றலை எழுப்பும் காற்று எல்லாம் நம் பக்கம், ஏனென்றால் மீனுக்கு நம்மையும் தெரியாது, தூண்டில் நரம்பும் தெரியாது, லூரையும், அதாவது நாம் போடும் செயற்கை இரையையும், உற்றுப்பார்க்க முடியாது. எல்லோரும் காற்றில்லாத கரையைத் தேடிப் போவார்கள். காற்று மோதும் கரைக்கு நீங்கள் போங்கள், வீசுவது சிரமம்தான், ஆனால் சின்ன இரையெல்லாம் அந்தப் பக்கம்தான் ஒதுங்கும்.

ஒரே ஒரு லூர் வாங்க வேண்டும் என்றால் எது?

ஐந்து அங்குல ஸ்டிக் புழு. கேரி யமமோட்டோ 1990களில் கொண்டுவந்த சென்கோதான் இதற்கெல்லாம் மூலம், பிக் பேனாவைப் பார்த்து அந்த வடிவத்தைச் செய்தாராம். பார்க்க ஒன்றுமே இல்லை: வால் இல்லை, கால் இல்லை, மழுங்கிய ஒரு பிளாஸ்டிக் குச்சி. ஆனால் அதில் உப்புக் கலந்திருப்பதால் ஈயமே இல்லாமல் தானாக மூழ்கும். அதன் நடுவில் குறுக்காக ஒரு முள்ளைக் குத்தினால் வேக்கி ரிக், அவ்வளவுதான் வேலை. புழு சீக்கிரம் அறுந்துபோகும், அதனால் நடுவில் ஒரு சின்ன ரப்பர் வளையம் மாட்டி, முள்ளை வளையத்துக்குக் கீழே விட்டால் ஒரு புழு ஏழெட்டு மீனுக்குத் தாங்கும்.

இதை ஒருமுறை உங்கள் காலடித் தெளிந்த தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கிடையாக இறங்கும். இறங்கும்போதே இரண்டு முனையும் மேலும் கீழுமாக நடுங்கும், நாம் ஒன்றும் செய்யாமலே. மற்ற லூர்களின் சுழலும் தகடும் மணிச்சத்தமும் பார்த்துப் பார்த்துச் சலித்த மீனுக்கு இது மிரட்டலாகவே தெரியாது.

வீசிய பிறகு கையை அடக்குவதுதான் கஷ்டம். புழு தண்ணீரில் விழுந்ததும் நரம்பைக் கொஞ்சம் தளர்வாக விட்டுவிட்டு, நரம்பு தண்ணீருக்குள் நுழையும் இடத்தையே பாருங்கள். சுருட்டாதீர்கள். முக்கால்வாசிக் கடி புழு இறங்கும்போதே வரும், கையில் ஒன்றும் தெரியாது. நரம்பு ஒரு தரம் துள்ளும், அல்லது மெதுவாகப் பக்கவாட்டில் நகர ஆரம்பிக்கும், அல்லது தரைக்குப் போகும் முன்பே இறங்குவது நின்றுவிடும். மூன்றும் மீன்தான். தளர்வைச் சுருட்டி, ராடை ஒரே சீராக இழுத்து முள்ளை ஏற்றுங்கள், ஓங்கிச் சுண்ட வேண்டாம். தாமதித்தால் மீன் புழுவை விழுங்கிவிடும், அது அதன் உயிருக்கு ஆபத்து. தரைக்குப் போய்விட்டால் பத்து எண்ணுங்கள், ராடை ஓரடி தூக்கி மறுபடி விழவிடுங்கள். இரண்டு மூன்று தடவை. பிறகு எடுத்து அடுத்த இடம்.

நெட் ரிக், டிராப் ஷாட் என்கிறார்களே?

இரண்டுமே நல்லது. நெட் ரிக்குக்குக் கன்சாஸைச் சேர்ந்த நெட் கெடி பெயர்தான் நிலைத்திருக்கிறது. காளான் தலை போன்ற சின்ன ஈயத்தில் முள், அதில் இரண்டரை, மூன்று அங்குலத் துண்டுப் புழு. இசட்மேன் கம்பெனிப் புழுக்கள் மிதக்கும் ரகம் என்பதால் தலை தரையில் இருக்க வால் மேலே நிற்கும். தரையில் மெல்ல நகர்த்தினால் போதும். மீன் சிறியதாகவே வரும் என்று சிலர் குறை சொல்வார்கள். நாள் முழுக்க ஒன்றும் படாத குளிர்காலத்தில் அந்தச் சின்ன மீன்தான் அடுத்த வாரமும் போகத் தூண்டும். ஒரு எச்சரிக்கை: இசட்மேன் புழுக்களை மற்றப் பிளாஸ்டிக் புழுக்களோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள், இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும்.

டிராப் ஷாட்டில் ஈயம் கீழே, முள் அதற்கு மேலே. மீன் அதிகம் மிரண்ட ஏரிகளுக்காக ஜப்பானில் பழகிய முறை, பிறகுதான் அமெரிக்கா வந்தது. கரையிலிருந்து வீசும்போது நரம்பு சாய்வாகப் போவதால் ஈயத்துக்கும் முள்ளுக்கும் இடைவெளி எட்டுப் பத்து அங்குலம் போதும். ஓரிடத்தில் நிற்கவைத்து புழுவை மட்டும் நடுங்கவைக்கலாம், மரப்பாலத் தூண் பக்கத்தில் அருமையாக இருக்கும்.

ராட், ரீல், நரம்பு?

ஏழடி மீடியம் லைட் ஸ்பின்னிங் ராட், 2500 அளவு ரீல். அதற்கு மேல் செலவு வேண்டாம். பத்து பவுண்டு எடை தாங்கும் பின்னல் நரம்பு, அதன் முனையில் ஏழெட்டு அடி ஃப்ளோரோகார்பன் நரம்பு, எட்டு பவுண்டு தாங்குவது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தால் ஆறு. பின்னல் நரம்பில் சின்ன அசைவும் கண்ணுக்குத் தெரியும், ஃப்ளோரோகார்பன் தண்ணீரில் மீன் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. முள்ளுக்குப் பாலோமர் முடிச்சு, இறுக்கும் முன் எச்சில் தொட்டு ஈரமாக்குங்கள்.

என்ன நிறம்?

இதற்கு இவ்வளவு மண்டையை உடைக்க வேண்டியதில்லை. பாஸின் கண்ணில் நிறம் காணும் செல்கள் இரண்டே வகை, சிவப்புக்கும் பச்சைக்கும். சோதனைகளில் அது பளீர் மஞ்சள்பச்சையையும் வெள்ளையையும் பிரிக்கத் தெரியாமல் குழம்பியது, நீலத்தையும் கறுப்பையும் அதேபோல. தெளிந்த தண்ணீருக்குப் பூசணிப் பச்சை, கலங்கலுக்குக் கறுப்பு. இரண்டு பொட்டலம் போதும்.

பின்னாலேயே வருகிறது, கடிக்காமல் திரும்பிவிடுகிறது. ஏன்?

போன வருஷம் ஏப்ரலில் எங்கள் ஏரி மதகுக் கல்லோரம் ஒரு மீன், நாலு பவுண்டுக்குக் குறையாது. மூன்று நாள் காலையில் அதே கல்லிலிருந்து கிளம்பி, என் புழுவுக்கு ஒரு சாண் பின்னால் மூக்கை வைத்துக்கொண்டே வந்து, நான் தெரியும் இடம் வந்ததும் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து மறைந்தது. இடது கன்னத்தில் பழைய முள் பட்ட வெள்ளைத் தழும்பு. நாலாம் நாள் நான் முட்டிபோட்டு உட்கார்ந்தேன். புழுவைப் பாதியாக வெட்டி, கல்லுக்கு நாலடி தள்ளி, மீனுக்கு மேல் விழாமல் போட்டேன். அது வந்து பார்த்தது. நான் அசைக்கவே இல்லை. தரையில் கிடந்த புழுவின் மேல் தலையைக் கீழே சாய்த்து ஒரு சேற்றுப் புகை எழும்ப உறிஞ்சியது. செவுள்கள் விரிந்து மூடியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆகவே பின்தொடர்ந்து திரும்பினால் முதலில் நிறுத்துங்கள், அடுத்து சிறிதாக்குங்கள், அப்புறம் உங்களை மறையுங்கள். அதே இடத்தில் பத்துத் தடவை தொடர்ந்து வீசாதீர்கள். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால் இன்னொரு வாய்ப்பு கிடைக்கும்.

பெரிய லூருக்கு இங்கே வேலையே இல்லையா?

இருக்கிறது. சின்ன ஏரியில் சின்ன மீன்தான் என்று நினைக்காதீர்கள். கலிஃபோர்னியாவில் எஸ்கொண்டிடோ ஊரில் டிக்ஸன் லேக், சுமார் 70 ஏக்கர்தான், ஆள் கூட்டத்துக்குக் குறைவில்லை. அங்கே 2006 மார்ச்சில் மேக் வீக்லி பிடித்த பாஸ் எடை 25 பவுண்டு 1 அவுன்ஸ். 1932இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த உலகச் சாதனை மீன் 22 பவுண்டு 4 அவுன்ஸ்! ஆனால் வீக்லியின் முள் வாயில் இல்லாமல் உடம்பில் குத்தியிருந்தது, அதனால் அவர் சாதனைக்கு விண்ணப்பிக்காமல் மீனைத் திரும்ப விட்டார். செவுள் பக்கத்துக் கறுப்புப் புள்ளியை வைத்து அதற்கு முன்பே பிடித்து விடப்பட்ட அதே மீன் என்று அடையாளம் கண்டார்கள். 2008இல் அது செத்து மிதந்தது. அந்த ஏரியில் ட்ரவுட் மீன் விடுவார்கள், பாஸ் அதைத் தின்று பெரிதாக வளரும்.

நம் ஏரியில் பெரிய லூருக்கு நேரம் விடியலுக்கு முன் அரை மணி, அல்லது கோடையில் நன்றாக இருட்டிய பிறகு. பாசி மூடிய ஓரத்தில் ரப்பர் தவளை, விராலுக்குப் போடுகிற அதே மாதிரி. பாய்ந்ததும் இழுத்துவிடாதீர்கள், ஒன்று இரண்டு எண்ணி, கனம் தெரிந்த பிறகு.

வசந்தத்தில் கூட்டில் நிற்கும் மீனைப் பிடிக்கலாமா?

சட்டப்படி டெக்சாஸில் தடையில்லை. நான் பிடிப்பதில்லை. தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும்போது ஆண் மீன் வாலால் துடைத்துக் கூடு போடும், முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கும். அதைத் தூக்கிய சில நிமிஷத்திலேயே புளூகில் கூட்டம் முட்டைக்குப் பாய்வதைக் கரையில் நின்றே பார்க்கலாம். ஆயிரம் ஏக்கர் ஏரிக்கு அது ஒன்றுமில்லை, பத்து ஏக்கர் ஏரிக்குப் பெரிது. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

பிடித்ததைத் திரும்ப விடும்போது என்ன கவனிக்க வேண்டும்?

கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். காய்ந்த கையும் துணியும் அதன் வழவழப்பைத் துடைத்துவிடும், நோயிலிருந்து அதைக் காப்பதே அந்த வழவழப்புதான். கீழ்த்தாடையைப் பிடித்து நேராகத் தொங்கவிடலாம், கிடையாகப் பிடிப்பதென்றால் இன்னொரு கை வயிற்றுக்கு அடியில் கட்டாயம் வேண்டும், பெரிய மீனின் தாடை அப்படியே முறுக்கிக்கொள்ளும். புல்லில், சிமெண்டில் போடாதீர்கள். முள் நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் சின்னக் கூர்முனையை இடுக்கியால் நசுக்கிவிட்டால் கழற்றுவது சுலபம். ஜூலை, ஆகஸ்டில் தண்ணீர் சூடு ஏறி அதில் ஆக்ஸிஜன் குறைந்திருக்கும். படம் எடுக்கும் முன் உங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு மூச்சு முட்டும்போது மீன் தண்ணீருக்குள் போயிருக்க வேண்டும்.

அறுந்த நரம்பைக் கரையில் போடவே போடாதீர்கள். ஒரு நாரை ஒற்றைக்காலில் நொண்டுவதைப் பார்த்து நானும் பக்கத்தில் நின்றவரும் துண்டைப் போட்டுப் பிடித்தோம். நரம்பு காலைச் சுற்றி இறுகி, தோலுக்குள்ளேயே புதைந்திருந்தது. அன்றிலிருந்து என் பையில் ஒரு காலி டப்பா, என்னுடையதோ பிறருடையதோ, கண்ணில் படுகிற நரம்பெல்லாம் அதற்குள்.

உரிமம் வேண்டுமா? குழம்பு வைக்கலாமா?

17 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு டெக்சாஸில் உரிமம் வேண்டாம், மற்றவர்களுக்குப் பொதுவாக வேண்டும். மாநிலப் பூங்காவுக்குள் கரையிலிருந்து பிடிக்க மட்டும் உரிமம் கேட்பதில்லை, பழகிப் பார்க்க அது நல்ல இடம். நகர எல்லைக்குள் இருக்கும் 75 ஏக்கருக்கு உட்பட்ட பொது ஏரிகளில் ஒருவருக்கு இரண்டு தூண்டில்தான். பாஸுக்குப் பொதுவான வரம்பு நாளைக்கு ஐந்து, நீளம் குறைந்தது 14 அங்குலம். சில ஏரிகளுக்குத் தனி விதி உண்டு, பலகையைப் படியுங்கள். குழம்புக்கு என்றால் பல நகர ஏரிகளில் மாநிலத் துறையே கெளுத்தி வகை கேட்ஃபிஷையும் குளிர்காலத்தில் ட்ரவுட்டையும் பிடித்துச் சாப்பிடுவதற்கென்றே விடுகிறது. அதை எடுங்கள். பாஸை விடுங்கள்.

நாலு வாரமாகப் போகிறேன், ஒன்றுமே இல்லை. என்ன செய்ய?

ஒரு மாதம் ஒரே ஏரி, ஒரே லூர். மற்றப் பெட்டியையெல்லாம் வீட்டிலேயே வையுங்கள். முதல் தடவை தூண்டில் இல்லாமல் ஒரு சுற்று நடந்து, நிழல், குழாய், கல், பாசி எங்கே என்று மட்டும் பாருங்கள், போலரைஸ்டு கண்ணாடி இருந்தால் தண்ணீருக்குள்ளேயே தெரியும். சின்ன நோட்டில் தேதி, நேரம், காற்று எந்தப் பக்கம், மீன் எங்கே அசைந்தது என்று ஒரு வரி. கை மிகவும் அரித்தால் தக்கை கட்டி, மண்புழு கோர்த்து, புளூகில் பிடியுங்கள். குழந்தைகளோடு போனால் அதுவே போதும், புளூகில் எங்கே கூடுகிறதோ அங்கே பாஸ் பக்கத்திலேயே இருக்கும் என்பதும் அப்போது தெரிந்துவிடும். அடுத்த செவ்வாய் காலை ஐந்தரைக்கு, வேக்கி ரிக் மாட்டிய ஒரு ராடோடு மதகுப் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள், புல் மேலேயே நின்று.